இரண்டு சந்தா, ஒரே கொட்டு

கொடுமுடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு விளம்பர இசை போடும் வேலை வந்தது. அதற்கு நம்மூர் மேளச் சத்தம் வேண்டும். கோவையில் என் அறையில் உட்கார்ந்து, சந்தா கட்டினால் ரெடிமேடாக ஒலித்துணுக்குகள் தரும் இரண்டு தளங்களை ஒரு வாரம் ஒப்பிட்டேன். ஒன்றில் மாதம் இத்தனை துணுக்குதான் எடுக்கலாம் என்று கணக்கு. சந்தாவை நிறுத்தினால் எடுக்காத மிச்சம் போய்விடும். இன்னொன்றில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் நிறுத்திய பிறகு புது வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. தென்னிந்திய மேளம் என்று தேடினால் இரண்டிலும் தபேலாதான் வந்து நின்றது.

"ஏனுங்க, கேட்டுட்டே இருக்கறீங்களே, பாட்டு எப்பங்க போடுவீங்க?" என்றாள் மனைவி.

கடைசியில் முதல் தளத்தில் சுமாரான ஒரு கொட்டை எடுத்து, இசையை முடித்து அனுப்பினேன். மண்டபக்காரர் உடனே கூப்பிட்டார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா பெருந்துறை நகைக்கடை விளம்பரத்துல வர்றதும் இதே கொட்டுதானுங்களே?"

அந்த நகைக்கடை விளம்பரத்தைப் போட்டுக் கேட்டேன். அதேதான். அவமானமாக இருந்தது. அவசரமாக இரண்டாவது தளத்திலும் சேர்ந்தேன். அங்கேயும் அதே கொட்டு, வேறு பெயரில் இருந்தது. நேரில் வாசிக்க வைத்துப் பதிவு செய்யலாம் என்று, தெரிந்த பம்பை மேளக்காரரைக் கூப்பிட்டால், முகூர்த்த மாசம், ஒரு நாள்கூட ஓய்வில்லை என்றார்.

வேறு வழியில்லாமல் அந்தக் கொட்டையே வெட்டி, வேகம் குறைத்து, அடையாளம் தெரியாமல் மாற்றி அனுப்பினேன். "இது புதுசா இருக்குதுங்க" என்று அவர் சந்தோஷப்பட்டார். எனக்கு மட்டும் அந்த மண்டப விளம்பரத்தைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.