பூஜையில் வைத்த பிஸ்டல்

அரூர் மஞ்சள் மண்டியில் எடை போடும் அன்பரசிக்கு இருபத்தொன்பது வயது. வேலை முடிந்ததும் மாதவராஜின் லேத் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்கு வருவார். எங்கள் ஊர் துப்பாக்கி சுடும் கிளப் அதுதான். பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் மாநில அணிக்குள் நுழைந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு முயலலாம். அடுத்த வருடம் அதற்கான வயது தாண்டிவிடும். கிளப்பில் உருப்படியான பிஸ்டல் ஒன்றே ஒன்று. அதைக் கழற்றி மாட்டுவது என் பொறுப்பு.

அதன் விசையை இழுத்தால் கொஞ்ச தூரம் லேசாக வரும், பிறகு ஓரிடத்தில் முட்டி நிற்கும். அங்கிருந்து விரல் நினைத்தாலே போதும், குண்டு போய்விடும். உள்ளே இரண்டு எஃகு விளிம்புகள் மயிரிழை அளவுக்கு ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். எண்ணெய் பட்டால் வழுக்கிச் சீக்கிரமே விடுபட்டுவிடும். அரைக் கிலோவுக்குக் குறைந்த இழுப்பில் விடுபடக் கூடாது என்பது விதி. போட்டி முடிந்ததும் விசையில் அரைக் கிலோ எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். நான் ஐந்நூற்றுப் பத்து கிராமில் நிறுத்தியிருந்தேன்.

தேர்வுப் போட்டிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. பட்டறையின் இயந்திரங்களோடு பிஸ்டலையும் வரிசையில் வைத்தார் கிளப் தலைவர் மாதவராஜ். வாழ்நாளில் ஒரு குண்டு சுட்டதில்லை. கையில் பிடித்து போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டார்.

அன்பரசி அன்று மாலையே பிஸ்டலைத் திருப்பிக் கேட்டார். "பூஜைக்கு வெச்சத அன்னிக்கே எடுக்கக் கூடாதும்மா. காலைல வந்து வாங்கிக்க" என்றுவிட்டார் மாதவராஜ்.

காலையில் சேலம் பஸ் ஏறும்போதுதான் பிஸ்டல் கைக்கு வந்தது. பிடியிலிருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் போய்ச் சுட்டார். மூன்றாம் இடம். முதல் நான்கு பேருக்கு அணியில் இடம். நடுவர் எடையை மாட்டித் தூக்கினார். டிக்கென்று விடுபட்டது. மூன்று முறை தூக்கினார், மூன்று முறையும் அதே கதி. பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் நான் பிஸ்டலைத் திறந்து பார்த்தேன். உள்ளே கருப்பு எண்ணெய்.

"லேத்துக்கு விடற எண்ணெய்தாங்க. எல்லா மெஷினுக்கும் விட்டேன், இதுக்கும் நாலு சொட்டு விட்டேன். சாமி காரியம், இதுல என்னங்க தப்பு?" என்றார் மாதவராஜ், வெற்றிலையை மென்றுகொண்டே. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். 'மாநிலத் தேர்வில் மூன்றாம் இடம்! வீராங்கனையை உருவாக்கிய வள்ளல் மாதவராஜ்!' மூலையில் தபால்தலை அளவுக்கு அன்பரசியின் முகம். மீதி முழுக்க, பூஜையன்று பிஸ்டலை நீட்டிப் பிடித்து விசையில் விரல் வைத்திருக்கும் மாதவராஜ்.

அன்பரசி அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அந்த வெரலப் பாருங்கண்ணா. எண்ணெ மினுங்குது" என்றார்.

மண்டியில் லோடு வந்து நின்றிருந்தது. எடை போடப் போய்விட்டார்.