திருவாதிரையின் துணை: ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு மாலைப் பயணம்

என் மகள் கவிதாவின் ஜென்ம நட்சத்திரம் திருவாதிரை. தை பிறந்ததும் சங்கரன்கோவிலிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பையன் முருகன் ஒரகடத்தில் கார் பாக்டரியில் வேலை பார்க்கிறார். ஜாதகம் பொருந்தியது, நான் சரி சொல்வதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஒரு காணொளி: திருவாதிரை ஒருநாள் வெடித்துச் சிதறுமாம், அதற்குத் துணை நட்சத்திரம் ஒன்றும் இருக்கிறதாம். ஈசனின் நட்சத்திரம் வெடிப்பதாவது! ஸ்ரீபெரும்புதூர்க் கல்லூரி ஒன்றில் தொலைநோக்கியில் வானம் காட்டுகிறார்கள் என்றதும் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கிளம்பிவிட்டோம்.

எங்கள் ஊர் படப்பையிலிருந்து ஒரகடம் கூட்டுரோடு பத்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் தலைக்கு முப்பது ரூபாய். "ஷிப்டு வுடுற நேரம்க்கா, நெருக்கி குந்து" என்றார் ஓட்டுநர். கூட்டுரோட்டில் முருகன், யூனிபார்மோடு, எங்களோடு சேர்ந்துகொண்டார். அங்கிருந்து சாதாரணப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லை, அவர் மட்டும் டிக்கெட் எடுத்தார்.

தொலைநோக்கியில் திருவாதிரை குங்குமப்பொட்டுப் போல் தெரிந்தது. துணை கண்ணுக்குத் தெரியாதாம். விளக்கிய ஆசிரியையிடம், "துணையால கெடுதலா மேடம்?" என்றேன்.

"சில ஜோடியில துணை நெருங்கி இருந்து, பெரிய நட்சத்திரத்தோட வெளித்தோலை உறிஞ்சிடும்மா. அப்புறம் அது வெடிக்கிற விதமே மாறிடும். இதுல துணை ரொம்பச் சின்னது. திருவாதிரைதான் ஒருநாள் அதை முழுங்கிடும்னு சொல்றாங்க."

"முழுங்கிட்டா வெடிக்காதா?"

"வெடிக்கும். அதோட எடை அப்படி. ஆனா அதுக்கு லட்சம் வருஷம்கூட ஆகலாம்."

மகளுக்காகப் பயந்து வந்தவள், இப்போது பையனுக்காகப் பயப்படுவதா? "இவரையில்ல முழுங்கிடும்போல" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

முருகன் சிரித்தார். "முழுங்கட்டும் அத்தே. லைன்ல சூப்பர்வைசர் தெனமும் முழுங்குதாரு. இது எவ்வளவோ மேல்."

கவிதாவுக்குத்தான் கோபம். "நட்சத்திரத்தப் பத்தி ஊரெல்லாம் கேட்டுக்கினு கீற. என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

கேட்கவில்லைதான். "சரி, உனக்குப் புடிச்சிருக்கா?"

"புடிக்காமயா இவர கூட்டிக்கினு வந்தேன்?"

பேருந்து நிறுத்தத்தில் நின்றே சங்கரன்கோவிலுக்குப் போன் போட்டு, நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொன்னேன்.

ஒரு துணை உரிக்கிறது, ஒரு துணை விழுங்கப்படுகிறது. எது எப்போது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சிவனிடமே விட்டுவிட்டேன். போகிறவர்கள் மேகமில்லாத நாளாய்ப் பார்த்துப் போங்கள். ஏழு மணிக்கே வரிசை நீண்டுவிடும். எட்டரைக்கு மேல் ஒரகடம் பேருந்து குறைவு. சம்பந்தியம்மாவோடு போனில் பேசிக்கொண்டே நின்றதில் நாங்கள் இரண்டைக் கோட்டைவிட்டோம்.