கண் அடைத்த தொட்டில்

செதுக்கு வேலையுள்ள மரச்சாமானுக்கு வர்ணம் பூசுகிறவனின் பெருமையெல்லாம், வர்ணத்தில் மூழ்காமல் தப்பிய பூவிலும் இலையிலும்தான் இருக்கிறது. உப்புத்தாளும் தூரிகையுமாகக் காலம் கழிக்கும் அன்பர்களே, வாடிக்கையாளர் அதைக் கவனிப்பதே இல்லை என்ற மனக்குறை உங்களுக்கும் இருக்கும். கவனித்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

நீலத் தொட்டில்

தட்டாஞ்சாவடியில் நானும் தச்சர் ஏழுமலையும் ஒரே கொட்டகையில் தொழில் செய்கிறோம். ஒரு நாள் காலை அங்கே மினி வேனில் ஒரு தேக்குத் தொட்டில் வந்து இறங்கியது. கூட வந்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் மனைவி. தெருவே அவரை மதாம் என்றுதான் அழைக்கும். மகள் எலிசுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பழைய நீலத்தைச் சுரண்டிவிட்டு வெள்ளை பூசித் தர வேண்டும் என்றார்.

கால்மாட்டுப் பலகையில் திராட்சைக் கொடி. அதன் நடுவே ஒரு முகம். நீலம் அப்பி, மூக்கு எது இலை எது என்று தெரியாமல் கிடந்தது. "சம்மனசு மொகம், மேஸ்திரி" என்றார் மதாம். சம்மனசு என்றால் தேவதூதன்; அதற்குரிய இறக்கையை நான் தேடுவதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "றெக்கைய எலைக்குள்ள மடக்கி வச்சிருக்கும். நீங்க சுரண்டிப் பாருங்க."

மூன்று வர்ணங்களின் அடியில்

ரிமூவர் தடவினேன். நீலத்தின் கீழே பச்சை, பச்சையின் கீழே காவி. மூங்கில் சிம்பாலும் பல்துலக்கும் பிரஷ்ஷாலும் கொடியை இலை இலையாக மீட்டெடுத்தேன். முகத்தின் கண்குழிகளை மட்டும் ஒவ்வொரு வர்ணத்தின் அடியிலும் பட்டிமாவு வைத்து அடைத்திருந்தார்கள். முன்னால் வேலை செய்தவர்களின் சோம்பல் என்று முடிவு கட்டினேன். செதுக்கிய குழியில் பட்டியை விட்டுவைப்பது என் வழக்கமில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் குழியை அடைத்திருந்த அரக்கையும் கோணி ஊசியால் நோண்டி எடுத்தேன். கருவிழிவரை நுட்பமாகச் செதுக்கிய கண்கள் வெளிவந்தன. இறக்கை மட்டும் எங்கும் இல்லை.

ஏழுமலையின் பங்காளிகள் கோயில் வாகனம் செய்கிறவர்கள். வாகனத்துக்குக் கண் திறக்கும்போது, முதல் பார்வை ஆள்மேல் விழாதபடி எதிரே கண்ணாடி பிடிப்பது அவர்கள் வழக்கம். பலகையைப் பார்த்ததும் அவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"கண்ணாடி காட்டுனியாண்ணே?"

"தொட்டிலுக்கு எதுக்குய்யா கண்ணாடி? இது என்ன சாமியா?"

"சாமின்னா பரவால்லண்ணே. பேராவது தெரிஞ்சிருக்கும்."

ஒப்படைத்த அன்று

வெள்ளையைத் தின்னர் விட்டு இளக்கி, மெல்லிய பூச்சாகக் கொடுத்ததில் இலையின் நரம்புகூட மறையவில்லை. மதாம் வீட்டுக் கூடத்தில் தொட்டிலை இறக்கினோம். மதாம் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நான் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டேன்.

எலிஸ், அழுதுகொண்டிருந்த குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினார். அழுகை அந்த நொடியே நின்றது. குழந்தை அந்த முகத்தையே பார்த்தது. மதாம் என் பக்கம் திரும்பினார். "எங்க மாமியார் காலத்துலேர்ந்து தூங்குற மொகம்னுதான் நெனச்சிருந்தோம், மேஸ்திரி. இது முழிச்சிக்கிட்டா இருந்துது?"

மறுபடி அழைத்தார்கள்

சில நாட்களில் எலிஸ் போன் செய்தார். எங்கே தூக்கிச் சென்றாலும் குழந்தை தொட்டில் இருக்கும் திசையையே பார்க்கிறதாம், பால் குடிக்க முகம் திருப்புவதில்லையாம், கண் அயர்வதில்லையாம். டாக்டர் குறை ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டாராம். பட்டியும் கத்தியுமாகப் போனேன். பட்டப்பகல், ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. எலிஸ் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

முகத்தின் வலக்கண்ணில் பட்டியை வைத்து அழுத்தினேன். குழந்தையின் வலக்கண் மூடிக்கொண்டது. என் கை அப்படியே நின்றுவிட்டது. "நிறுத்தாதீங்க, மேஸ்திரி" என்றார் மதாம்; ஜெபமாலை அவர் விரல்களில் இறுகியிருந்தது. இடக்கண்ணையும் அடைத்தேன். குழந்தை தலை சாய்ந்து உறங்கிப்போயிற்று. எலிஸ் அதன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "திரும்ப முழிக்கும்ல, மேஸ்திரி?"

மாலையில் குழந்தை விழித்து, வீறிட்டு அழுது, பால் குடிக்கும்வரை அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். புதைந்த செதுக்கலை வெளிக்கொணர்வதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஒரு வீட்டார் கண்கலங்கிக் கைகூப்பியது நான் மூடிக்கொடுத்த இரண்டு குழிகளுக்காகத்தான்.