எரியாத வீடு

போன வாரம் உசிலம்பட்டியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். வெங்காயம் நறுக்கும்போது அரிவாள்மணையில் விரலைக் கிழித்துக்கொண்டார். ஓடிப்போய் என் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தேன்.

பஞ்சு, கட்டுத்துணி, பிளாஸ்திரி, சின்னக் கத்தரிக்கோல், காயத்துக்குப் போடும் சிவப்பு மருந்து... எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் மதினி, புள்ளைங்க இல்லாத வீட்டுல எதுக்கு இம்புட்டு மருந்து?"

கெட்ட எண்ணம் இல்லை, சும்மா கேட்டதுதான். ஆனாலும் சுருக்கென்றது. பஞ்சைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். கோயில், டாக்டர், விரதம் எல்லாம் ஆயிற்று. அதையெல்லாம் எழுதி உங்களை அழவைக்கப் போவதில்லை. டப்பா கதையை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருக்கிறது. அப்புறம் கேட்க வேண்டுமா? லீவு நாளில் முட்டியைப் பேர்த்துக்கொள்ளாத பிள்ளையே கிடையாது. மற்ற வீடுகளில் டிங்சர் போடுவார்கள். பிள்ளைகள் போடும் கூச்சலில் தெருவே கூடிவிடும். என் சிவப்பு மருந்து எரியாது. போதாததற்கு நான் ஊதி ஊதி வேறு போடுவேன். அதனால் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வைத்த பேர் — 'எரியாத வீடு'. அடிபட்டால் நேரே இங்கேதான் வருவார்கள்.

நிரந்தர வாடிக்கை செல்வி. மூன்றாம் வீட்டு பஸ் கண்டக்டரின் மகள், ஏழு வயசு. வாரத்துக்கு ஒரு காயமாவது கொண்டுவருவாள். "ஊதுங்க அத்தை... இன்னும் ஊதுங்க" என்று காலை நீட்டிக்கொண்டு உட்கார்வாள். காயம் ஆறின பிறகும் ஊதச் சொல்வாள். நானும் ஊதுவேன். யாருக்கு யார் மருந்து போட்டோம் என்று இப்போது யோசிக்கிறேன்.

போன வருஷம் ஒருநாள் சிவப்பு மருந்து தீர்ந்துவிட்டது. காலி பாட்டிலை வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். மனுஷர் கடையில் என்ன கேட்டார் தெரியுமா? "காயத்துக்குப் போடுற மருந்து ஊத்துங்கண்ணே." கடைக்காரர் டிங்சரை ஊற்றிவிட்டார்.

மறுநாளே செல்வி முட்டியில் ரத்தத்தோடு வந்தாள். பஞ்சில் நிறம் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது. பார்த்தேன்... பார்த்தும் அவசரத்தில் வைத்துவிட்டேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கண்ணில் தண்ணீர் முட்ட என்னைப் பார்த்தாள். "எரியாதுன்னீங்க" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

அதோடு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு வாரம்... இரண்டு வாரம்... ஒருநாள் முழங்கையில் மஞ்சள் பத்தோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள். எனக்குப் பொறாமையாக இருந்தது — ஒரு மஞ்சள் பத்தைப் பார்த்து! சைக்கிள் சாயும் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். அடுத்த வீட்டுப் பிள்ளை எப்போது விழும் என்று காத்திருப்பதெல்லாம் ஒரு பிழைப்பா? வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எட்டிப் பார்த்தேன்.

புது மருந்து வாங்கி, பாட்டிலில் 'எரியாதது' என்று எழுதி ஒட்டினேன். நீங்களும் பேர் எழுதி வையுங்கள். அவசரத்தில் கண் தெரியாது.

அந்த மாசக் கடைசியில் கண்டக்டருக்கு மேலூருக்கு மாத்தல் வந்தது. சாமான் ஏற்றிய லாரி தெருவில் நிற்கிறது. வாசலில் செல்வி!

"அத்தை, மேலூருக்குப் போறோம்."

"தெரியும்டி. எங்கிட்டாச்சும் அடிபட்டிருச்சா?"

"இல்ல." முட்டியைக் காட்டினாள். பழைய தழும்புதான் இருந்தது. "அங்கன விழுந்தா யாரு ஊதுவா? இப்பவே ஊதிவிட்ருங்க."

ஊதினேன். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறவரை ஊதினேன்.

மேலூர் ஒன்றும் தூரமில்லை, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனால் முட்டியைப் பேர்த்துக்கொண்டு யாராவது பஸ் ஏறி வருவார்களா? தெருவில் வேறு பிள்ளைகள் விழுகிறார்கள், வருகிறார்கள். மருந்து போட்டதும் ஓடிவிடுகிறார்கள். ஆறின காயத்தை ஊதச் சொல்ல யாரும் இல்லை.

நாத்தனாருக்கு அன்று மருந்தை வைத்துவிட்டு, பழக்கத்தில் விரலை ஊதிவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

டப்பாவில் சிவப்பு மருந்து குறைந்துவிட்டது... இந்தத் தடவை கடைக்கு நானே போகிறேன்!