பத்தியம் முறிக்க ஒரு வத்தல்மலைப் பயணம்

நான் தோல் மருத்துவர். லீவு கிடைத்தால் ஊர் சுற்றி இங்கே எழுதும் பைத்தியமும் உண்டு. ஆனால் போன பங்குனியில் வத்தல்மலைக்குப் போனது சுற்றிப் பார்க்க இல்லை. அங்கே இருக்கும் தோழி கவிதா, தன் அண்ணி செல்வியின் கைகளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கறுத்து, வெடித்து, உரிந்த கைகள். குஷ்டமோ என்று வீட்டில் பயந்து, செல்வியின் இரண்டு வயது மகனையே அவளிடம் விடுவதில்லையாம். படத்தைப் பார்த்துச் சொல்கிற விஷயமா இது? நேரில் வருகிறேன் என்றேன்.

தருமபுரியிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், காலைப் பேருந்து. கொண்டை ஊசி வளைவுகளில் நான் தின்ற இட்லி தொண்டைவரை வந்துவிட்டது. நீங்களாவது அரை வயிற்றோடு ஏறுங்கள்.

செல்வி கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். வெளிச்சத்துக்கு அழைத்து வந்தேன். கை, பாதம், கழுத்தைச் சுற்றி என்று வெயில் படும் இடத்தில் மட்டும்தான் புண். செருப்பு வாருக்கு அடியில் தோல் நன்றாகவே இருந்தது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டேன். தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னாள். குஷ்டத்துக்கான அடையாளம் எதுவும் இல்லை.

“வயிறு எப்படி இருக்கு?”

“பொங்கலுக்கு முன்னாடி புடிச்ச பேதி, இன்னும் நிக்கலீங்க. தூக்கமும் இல்லீங்க.”

“என்ன சாப்பிடறீங்க?”

மாமியார் முந்திக்கொண்டார். “பேதிக்குன்னு சோளக்கஞ்சி குடுத்தோமுங்க. தோலு இப்பிடி ஆனதும் முட்ட, கடல, கருவாடு எல்லாத்தயும் நிறுத்திட்டேன். கரப்பான் பண்டமாச்சே, அரிப்பு ஏறிடாதுங்களா?”

“அட கடவுளே! அதெல்லாம் இல்லாமத்தாம்மா இந்தப் புண்ணே!”

பெல்லாக்ரா. நியாசின் என்ற வைட்டமின் குறைந்தால் வருவது. வெறும் சோளக்கஞ்சியில் அது உடம்புக்குப் போதாது. பத்தியத்தை இறுக்க இறுக்கப் புண்ணும் ஏறியிருக்கிறது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நானே கெடுத்துப்புட்டனா?” என்று அந்த அம்மா அப்படியே உட்கார்ந்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

மாத்திரை எழுதிக்கொடுத்து, பேதிக்குத் தருமபுரியில் பரிசோதனை செய்யவும் சொன்னேன். அடுத்த நிமிடமே மாமியார் முட்டையை வேகவைக்கப் போட்டார். பிறகு பேரனைத் தூக்கி வந்து செல்வியின் மடியில் உட்கார வைத்தார். செல்வி கை இரண்டையும் விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஒட்டிக்காதுங்களே?”

“ஒட்டாது. புடிங்க.”

பிடித்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

வத்தல்மலைக்குப் போகிறவர்கள் திரும்பும் பேருந்தின் நேரத்தை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தோலில் ஏதாவது வந்தால் நீங்களாகப் பத்தியம் ஆரம்பிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்று வாரம் கழித்துச் செல்வியே கூப்பிட்டாள். பேதி நின்றுவிட்டதாம், கையில் புதுத்தோல் வருகிறதாம். குரலில் மட்டும் ஏகப்பட்ட சலிப்பு.

“பையன் இடுப்ப வுட்டு எறங்க மாட்டேங்கறானுங்க. வூட்ல ஒரு வேல ஓடலீங்க!”