நான் படுத்தேன், லேபிள் எழுந்தது

அறுபதுகளின் நடுவில் ஏழாயிரம்பண்ணையில் குடியிருந்தோம். கணவருக்குப் பட்டாசு ஆலையில் தினக்கூலி. எனக்கு வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டும் வேலை. கம்பெனி ஏஜெண்டு மரத்தகடும் லேபிளும் தந்துவிட்டுப் போவார். சனிக்கிழமை வந்து பெட்டிகளை வாங்கிக்கொள்வார். ஒரு வாரம் தவறினால் போச்சு, அடுத்த லோடு வேறு வீட்டுக்குப் போய்விடும்.

என் கை லட்சணம் தெருவுக்கே தெரியும். "லேபிளு ஏன் தாயி சரிஞ்சு படுத்திருக்கு?" என்று ஏஜெண்டு வாரம் தவறாமல் கேட்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி என்று விருதுநகருக்குப் போனால், குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றுவிட்டார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரி என்பதால் வைத்தியம் சும்மாதான். ஆனால், காப்பீடு என்ற சொல்லையே நாங்கள் கேள்விப்படாத காலம். படுத்தால் கூலி கிடையாது. துணைக்கு இருந்த கணவருக்கும் கிடையாது. கத்தி வைப்பார்களே என்பதைவிட, சனிக்கிழமை வருகிறதே என்றுதான் அதிகம் பயந்தேன். பெட்டி வேலையும் போனால், நாத்தனார் வீட்டில் விட்டுவந்த என் இரண்டு பிள்ளைகளும் சோற்றுக்கு என்ன செய்யும்?

பன்னிரண்டு நாள் கழித்து வீடு திரும்பினால், வாசலில் புது லோடு இறங்கிக் கிடக்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிர்வீட்டு அக்கா வந்து நின்றார். கிணற்றடிச் சண்டைக்குப் பிறகு மூன்று மாதமாக என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். அவர்தான் தெருப் பெண்கள் நாலு பேரைக் கூட்டி, அவரவர் பெட்டியை முடித்த கையோடு என் பங்கையும் ஒட்டவைத்து, இரண்டு சனிக்கிழமையும் என் பெயரில் கொடுத்திருக்கிறார். கூலியையும் பிள்ளைகளுக்காக நாத்தனாரிடம் சேர்த்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கூடப் பேசவே மாட்டீகளே அக்கா" என்றேன்.

"இப்பவும் பேச்சு இல்லதான். சண்டை வேற, சனிக்கிழமை வேற. போய்ப் படு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஏஜெண்டு வந்தார். நான் தட்டுத்தடுமாறி ஒட்டிய பெட்டி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க ஆஸ்பத்திரியில படுத்தீக, ஒங்க லேபிளு எந்திரிச்சு நேரா நின்னுச்சு. இப்ப நீங்க எந்திரிச்சிட்டீக, அது மறுபடி படுத்துருச்சே தாயி" என்றார். ஆக, மனுஷனுக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

இப்போது மகன் எனக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு எடுத்து, அட்டையைக் கையில் கொடுத்திருக்கிறான். நல்லதுதான், பத்திரமாக வைத்திருக்கிறேன். அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம், என்னோடு பேசாமலேயே என் பெட்டிகளை ஒட்டிக்கொடுத்த அந்தப் பசை காய்ந்த கைகள்தான் கண்முன் வந்து நிற்கின்றன.