பச்சையாக எரிந்த சுடர்

ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் அந்த மெக்கானிக்குக் கல்யாணமான புதிதிலேயே மனைவி வைத்த பெயர் சந்தேகப் பிராணி. பூட்டிய பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்ப்பார். டாக்டர் தந்த மாத்திரையைப் பற்றி மருந்துக்கடைக்காரரிடம் விசாரிப்பார். மருந்துக்கடைக்காரரைப் பற்றி டாக்டரிடம் விசாரிப்பார்.

அப்படிப்பட்டவரிடம் போய், ஃபிரிட்ஜைக் குளிர வைக்கும் பழைய கேஸ் வானத்தில் ஏறி ஓசோன் படலத்தை அரிக்கிறது, உலக நாடுகளெல்லாம் கூடிக் கையெழுத்துப் போட்டு அதைத் தடை செய்துவிட்டன என்று பயிற்சி வகுப்பில் சொன்னால் எடுபடுமா?

"பக்கத்து வீட்டுக்காரங்களே ஒரு சுவருக்கு ஒத்துப்போக மாட்டேங்கறாங்க. இத்தனை நாடும் ஒத்துப்போச்சாம்! புது கேஸை விக்கறதுக்கு நம்ம காதுல பூ சுத்தறாங்க" என்றார் மனைவியிடம். யாராவது பழைய கேஸை விற்றால் புகார் சொல்ல வகுப்பில் கொடுத்த நம்பரை மட்டும், இதில் என்ன வில்லங்கமோ என்று பத்திரப்படுத்தினார்.

புது கேஸ் மச்சான் கடையிலிருந்து வரும். மனைவியின் அண்ணன், பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட்டாளி. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள்.

ஒரு நாள் பட்டறையில் புது சிலிண்டர் ஒன்று லேசாகச் சீறியது. கை பழக்கதோஷத்தில் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் பழைய விளக்கைப் பற்றவைத்தது. பழைய கேஸ் பட்டால் அதன் நீலச் சுடர் பச்சையாகும். புது கேஸுக்கு நிறம் மாறவே மாறாது. 'இதைப் போய் ஏற்றினேனே' என்று தலையில் அடித்துக்கொண்டு அணைக்கப் போனார்.

சுடர் பச்சையாக எரிந்தது.

அடுத்த சிலிண்டரும் பச்சை. அதற்கடுத்ததும். ஒட்டியிருந்த சீட்டில் மட்டும் புது கேஸின் பெயர். பொய்யான தடைக்குப் பயந்து யாராவது பழைய கேஸுக்கு இவ்வளவு மெனக்கெட்டு வேஷம் போடுவார்களா? அப்படியானால் வகுப்பில் சொன்னது அத்தனையும் நிஜம்.

கடைக்கே போய்க் கேட்டார். மச்சான் சிரித்தான். "விடுங்க மாப்ளே. மேல ஏறி யாரு பாக்கப் போறா?"

வீட்டுக்கு வந்து நம்பரைத் தேடி எடுத்தபோது மனைவி குறுக்கே நின்றாள். "எங்க அண்ணனையுமா சந்தேகப்படறீங்க? போன் பண்ணினீங்கன்னா இந்த ஜென்மத்துக்கும் உங்களோட பேச மாட்டேன்."

சொன்னால் செய்வாள். "ஊரையே சந்தேகப்பட்டேன். அவனை மட்டும் விட்டுட்டேன்" என்றபடி எண்களை அழுத்தினார்.

"யார் மேலங்க சந்தேகம்?" என்று கேட்டது மறுமுனை.

"சந்தேகமெல்லாம் இல்லைங்க" என்றார் சந்தேகப் பிராணி. "என் மச்சான்தான்."